விராலுக்கு ஒரு ஃப்ளை ராடு: பீங்கான் ஊரிலிருந்து ஒரு வரவு செலவுக் குறிப்பு

ஆற்றில் போட்டுவிட்டுக் குளத்தில் தேடுவது என்ற பேச்சு வழக்கு எங்கள் ஊரில் தொடங்கியது. திருமுதுகுன்றத்தில் கிடைத்த பன்னீராயிரம் பொன்னைச் சுந்தரர் மணிமுத்தாற்றில் போட்டார், திருவாரூர் கமலாலயக் குளத்தில் இறங்கி எடுத்துக்கொண்டார் என்பது புராணம். திருமுதுகுன்றம்தான் விருத்தாசலம். அவருக்குப் பொன் திரும்பக் கிடைத்தது. நான் ஒரு ஃப்ளை ராடு செட்டில் போட்ட ஆறாயிரத்து எண்ணூறு ரூபாய் எந்தக் குளத்திலும் திரும்பக் கிடைக்கவில்லை. ஏன் கிடைக்கவில்லை என்று யோசித்ததில் சேர்ந்த குறிப்புகள்தான் இவை. புதிதாக வாங்கப் போகிறவர்களுக்காவது உதவட்டும்.

முதலில் இது என்ன வித்தை என்று தெரியாதவர்களுக்கு. முள்ளில் இறகு, முடி, நூல் கட்டிப் பூச்சி மாதிரியோ தவளை மாதிரியோ செய்துகொள்வார்கள். அதற்குப் பெயர் ஃப்ளை. அதை வைத்து மீன் பிடிப்பது ஃப்ளை ஃபிஷிங். தமிழில் பூச்சித் தூண்டில் என்று சொல்லிப் பார்த்தேன், நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கடைக்காரரிடம் அப்படிக் கேட்டால் மண்புழுவைக் காட்டுவார்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டின் எடைதான் நரம்பை இழுத்துக்கொண்டு போகிறது. கல்லில் நூல் கட்டி எறிகிற மாதிரி. ஃப்ளை ஒரு கிராம்கூட இருக்காது, பல சமயம் அதில் பாதிதான். இறகை எறிந்தால் எங்கே போகும்? காலடியில் விழும். அதனால் இந்த வித்தையில் எடையைக் கயிற்றிலேயே வைத்துவிட்டார்கள். ஃப்ளை லைன் என்பது தடிமனான, பிளாஸ்டிக் பூசிய கயிறு. ராடை முன்னும் பின்னும் வீசும்போது அந்தக் கயிற்றின் எடை ராடை வளைக்கிறது. வளைந்த ராடு நிமிரும்போது கயிறு ஒரு வளையமாக உருண்டு முன்னால் போகிறது. கயிற்றின் நுனியில் கட்டியிருக்கும் ஃப்ளை வெறும் பயணிதான்.

இந்த ஒரு விஷயம் புரிந்திருந்தால் என் பணம் தப்பியிருக்கும். நாம் எறிவது கயிற்றை. அப்படியென்றால் முதலில் தேர்ந்தெடுக்க வேண்டியதும் கயிறு. அப்புறம் அதற்கேற்ற ராடு. ரீல் கடைசி. நான் நேர் தலைகீழாகச் செய்தேன். படத்தில் ராடு பளபளவென்று இருந்தது, ரீலும் தங்க நிறத்தில் இருந்தது, கயிறு கூடவே வந்தது. வாங்கிவிட்டேன்.

கயிற்றுக்கு எண் உண்டு. முதல் 30 அடி கயிறு எவ்வளவு எடை என்பதை வைத்து அமெரிக்காவில் ஒரு தர அளவு வகுத்தார்கள், உலகம் முழுக்க அதுதான் நடப்பில் இருக்கிறது. 5-ஆம் எண் கயிற்றின் முதல் 30 அடி 140 கிரெய்ன், அதாவது சுமார் 9 கிராம். 7-ஆம் எண் 185 கிரெய்ன், 12 கிராம். 8-ஆம் எண் 210 கிரெய்ன், சுமார் 13.6 கிராம். ராடின் கைப்பிடிக்கு மேலேயும் இதே எண் எழுதியிருக்கும். 8 என்று எழுதிய ராடுக்கு 8-ஆம் எண் கயிறு. என் செட் 5-ஆம் எண்.

உலகத்தில் 'தொடக்கநிலை செட்' என்று விற்பதில் பெரும்பாலானவை 9 அடி, 5-ஆம் எண். காரணம், இந்த வித்தை ட்ரவுட் மீனைச் சுற்றி வளர்ந்தது. குளிர்ந்த ஓடை, சின்னப் பூச்சி, மென்மையான எறிதல். தமிழ்நாட்டிலும் ஃப்ளை என்றால் நீலகிரிதான் நினைவுக்கு வரும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹெச். சி. வில்சன் என்பவரின் முயற்சியால் அவலாஞ்சியில் ட்ரவுட் குஞ்சு பொரிப்பகம் அமைந்தது. அதற்கு முன்பு 1860-களில் பிரான்சிஸ் டே முயன்று பலிக்கவில்லை. ஊட்டி ஓடைகளில் 5-ஆம் எண் கச்சிதமான கருவி. விருத்தாசலத்துக்கு அவலாஞ்சியின் குளிரும் கிடையாது, ட்ரவுட்டும் கிடையாது. மே மாதத்தில் இங்கே மனிதன் வெளியே நிற்பதே பெரிய பாடு.

இங்கே இருப்பது ஏரி, குளம், வாய்க்கால். அதில் விரால், குறவை, ஜிலேபிக் கெண்டை. சமவெளி ஏரிகளும் தூண்டிலுக்கு லாயக்கானவை என்று ஒருவர் 140 வருஷத்துக்கு முன்பே கண்டிருக்கிறார். மெட்ராஸ் சிவில் சர்வீஸில் இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873-ல் இந்தியத் தூண்டில் பற்றி 'தி ராட் இன் இந்தியா' என்ற புத்தகம் போட்டார். அது போதாதென்று 1887-ல் ஏரி, குளத்துத் தூண்டிலுக்கு மட்டும் 'டேங்க் ஆங்லிங் இன் இந்தியா' என்று தனிப் புத்தகம் எழுதினார். மலைமேல் ஏறாமல் மீன் பிடிக்க நினைத்தவர்களுக்கு அவர்தான் முன்னோடி.

சரி, விராலுக்கு எந்தக் கருவி? இதற்கு விடை ட்ரவுட்காரர்களிடம் இல்லை. அமெரிக்காவின் பாஸ் மீன்காரர்களிடம் இருக்கிறது. லார்ஜ்மவுத் பாஸ் என்பது அங்கே குளங்களில், பாசிக்கும் அல்லி இலைக்கும் கீழே பதுங்கியிருந்து, தவளையோ சின்ன மீனோ மேலே போனால் ஒரே பாய்ச்சலில் விழுங்குகிற மீன். படித்ததும் உங்களுக்கு யார் ஞாபகம் வருகிறது? எனக்கு விரால்தான். இரண்டுக்கும் உறவு ஒன்றும் கிடையாது, ஆனால் தொழில் ஒன்றே. விராலுக்குக் கூடுதலாக ஒரு பழக்கம், காற்றைக் குடிக்க மேலே வந்தே ஆக வேண்டும். அதனால் எங்கே இருக்கிறது என்பதை அதுவே காட்டிக்கொடுத்துவிடும்.

2002-ல் அமெரிக்காவின் மேரிலாந்தில் க்ராஃப்டன் என்ற ஊர்க் குளத்தில் விரால் இனத்து மீன் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. சீனப் பக்கத்து வகை. உள்ளூர் மீனை அழித்துவிடும் என்று பயந்து குளத்தையே மருந்தடித்துக் காலி செய்தார்கள். ஆனாலும் அந்த மீன் பொடோமாக் ஆற்றில் பரவிவிட்டது. இப்போது அங்கே அதைப் பிடிக்க ஆட்கள் எடுத்துப் போவது பாஸ் ராடும் பாஸ் தவளையும். அவர்களே நமக்காகச் சோதனை செய்து முடித்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். பாஸுக்குச் சொல்கிற கருவி விராலுக்குச் சரியாக இருக்கும்.

பாஸுக்கு எறிகிற ஃப்ளை பெரியது. பாப்பர் என்பார்கள். முன்பக்கம் குழிந்த தக்கை, இழுத்தால் 'ப்ளக்' என்று தண்ணீரை உமிழும். அது காற்றில் குடை மாதிரி இழுக்கும். 9 கிராம் கயிற்றால் அந்தக் குடையை இழுத்துப் போக முடியாது. என் 5-ஆம் எண் செட்டில் பாப்பரைக் கட்டி வீசினேன். முதல் நாள் முதுகில் விழுந்தது, இரண்டாம் நாள் தொப்பியில். மூன்றாம் நாள் காதுமடலில் ஏறியது. முள்ளின் கொக்கியை முன்பே இடுக்கியால் நசுக்கி வைத்திருந்ததால் வந்த வழியே வெளியே எடுக்க முடிந்தது. இல்லையென்றால் ஆஸ்பத்திரிதான். அந்த வேலையை நீங்களும் செய்துவிடுங்கள். கண்ணாடி, தொப்பி இரண்டும் இல்லாமல் ஃப்ளை வீசாதீர்கள்.

ஆக, விராலுக்கு 7 அல்லது 8. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் 8. கயிற்றின் டப்பாவில் 'டபிள்யூ எஃப் 8 எஃப்' என்று இருக்க வேண்டும். முதல் இரண்டு எழுத்துக்கு எடை முன்பக்கம் குவிந்திருக்கிறது என்று பொருள், கடைசி எழுத்துக்கு மிதக்கும் என்று பொருள். பாஸ் டேப்பர் என்று தனியாக விற்பதில் முன்பக்க எடை இன்னும் குட்டையாகக் குவிந்திருக்கும். பெரிய பாப்பருக்கு அது இன்னும் நல்லது, கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். 'டி டி' என்று இருந்தால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி சரிவு. ஒரு முனை தேய்ந்ததும் திருப்பிப் போட்டு மறுமுனையைப் பயன்படுத்தலாம், சிக்கனம். ஆனால் பெரிய பாப்பரை அது அவ்வளவு சுலபமாகத் தூக்காது.

கயிறு வாங்கும்போது நம் ஊருக்கென்று ஒரு கேள்வி கேட்க வேண்டும்: இது வெயிலுக்கான கயிறா? குளிர்நாட்டு ட்ரவுட் கயிறு நம் வெயிலில் வேகவைத்த சேமியா மாதிரி ஆகிவிடும். துவண்டு, வளையத்தில் ஒட்டிக்கொண்டு, நகராது. 'ட்ராப்பிகல்' அல்லது 'வார்ம்வாட்டர்' என்று எழுதியது வேண்டும். கொசுவுக்குப் பூசுகிற களிம்பில் டீட் என்ற ரசாயனம் இருந்தால், அந்தக் கையோடு கயிற்றைத் தொடாதீர்கள். பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும். கயிறு வெடித்துப்போன பிறகுதான் எனக்கு இது தெரிந்தது.

அடுத்தது ராடு. இதில்தான் எங்கள் ஊர் உள்ளே வருகிறது.

விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். டீ கப், பொம்மை, அகல் விளக்கு, மின்கம்ப இன்சுலேட்டர் எல்லாம் இங்கே சூளையிலிருந்து வருகிறது. பீங்கான் தொழில்நுட்பம் சொல்லித்தரும் அரசுக் கல்வி நிலையமும் ஊரில் உண்டு. என் சித்தப்பா ஒரு யூனிட்டில் இன்சுலேட்டர் தேர்வு பார்த்தவர். கீறல் விழுந்தது, நுண்துளை உள்ளது எல்லாவற்றையும் ஒதுக்கி எடுப்பது அவர் வேலை. முப்பது வருஷம் அதைப் பார்த்துப் பார்த்து, வீட்டில் புது டம்ளர் வாங்கினாலும் நகத்தால் சுண்டிக் காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் தண்ணீர் ஊற்றுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவரையும் கூட்டிக்கொண்டு பக்கத்து ஏரிக்குப் போனேன். கரையில் ஏறி நின்று, ராடைத் தலைக்கு மேல் பின்னால் வீசினேன். 

"டேய், நிறுத்துடா!" என்று கத்தினார். அவர் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை.

"என்னா சித்தப்பா?"

"மேல பாரு. பதினோராயிரம் போவுது."

எங்களுக்குப் பின்னால், கரையைத் தாண்டி வயலுக்குப் போகும் உயர் அழுத்த மின்கம்பி. கொஞ்சம் தொய்ந்துதான் இருந்தது. அவர் ராடை வாங்கி, தடவிப் பார்த்தார். "இது என்னா, கார்பனா?" என்றார். கார்பன் ஃபைபர்தான், அதுதான் உசத்தி என்று போட்டிருந்தார்கள் என்றேன். "கார்பன் கரண்டக் கடத்தும்டா. கம்பியத் தொடாம இருக்கணும்னுதான் நாங்க இத்தன வருஷமா பீங்கான் சுடறோம். நீ ஒம்பது அடிக் கம்பிய எடுத்துக்கிட்டு வந்து அதுக்கு நேரா ஆட்டற."

கணக்குப் போட்டுப் பாருங்கள். கையை உயர்த்தினால் 7 அடி, ராடு 9 அடி, மொத்தம் 16 அடி. கரையின் உயரம் தனி. வயல் பக்கம் தொய்ந்த கம்பி பல இடங்களில் அதைவிட ரொம்ப உயரத்தில் இல்லை. உயர் அழுத்தக் கம்பியைத் தொட வேண்டும் என்றுகூட இல்லை, மிக அருகில் போனாலே பாயும். வெளிநாட்டுத் தூண்டில்காரர்கள் மத்தியில் இப்படி உயிரிழப்புகள் நடந்திருக்கின்றன. அதனால்தான் பல கார்பன் ராடுகளில் மின்கம்பி எச்சரிக்கை ஒட்டியிருக்கிறது. என் ராடிலும் இருந்தது. சின்ன எழுத்தில், நான் படிக்காத இடத்தில்.

அன்றிலிருந்து எனக்கு ராடு பற்றிய எண்ணம் மாறிவிட்டது. கார்பனுக்கு முன்பு எல்லோரும் வைத்திருந்தது கண்ணாடி இழை ராடு, ஃபைபர் கிளாஸ். 1970-களில் கார்பன் வந்ததும் அது பழசாகிவிட்டது. ஆனால் தொடக்கக்காரருக்குக் கண்ணாடி இழை பல வகையில் நல்லது. விலை குறைவு. கல்லில் இடித்தாலும், பைக்கில் கட்டிக்கொண்டு போனாலும் சட்டென்று உடையாது. அது மெதுவாக, ஆழமாக வளையும். அதனால் கயிற்றின் எடை ராடில் ஏறுவதைக் கையால் உணர முடியும். விறைப்பான கார்பன் ராடில் அந்த உணர்வு வருவதற்குள் வீச்சு முடிந்துவிடும். குறை என்னவென்றால் கனம். 9 அடிக்குப் போனால் கை வலிக்கும், அதனால் 7½ அல்லது 8 அடியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நம் ஏரியில் 40 அடிக்கு மேல் வீச வேண்டிய தேவை குறைவு. விரால் கரையோரப் பாசியில்தான் இருக்கும்.

ராடு செய்வதில் அதிகம் புழங்கும் கண்ணாடி இழைக்கு 'ஈ கிளாஸ்' என்று பெயர். அந்த 'ஈ' எலெக்ட்ரிகல் என்பதன் முதல் எழுத்து, முதலில் மின்காப்புக்காகவே உருவாக்கப்பட்டது. இன்று பீங்கான் இன்சுலேட்டருக்குப் போட்டியாக வந்திருக்கும் பாலிமர் இன்சுலேட்டரின் நடுத்தண்டும் கண்ணாடி இழைதான். மேலே சிலிக்கான் ரப்பர் குடைகள். எடை குறைவு, கல்லெறிந்தால் உடையாது. சித்தப்பாவின் தொழிலுக்கு அது எதிரி. நான் கண்ணாடி இழை ராடு வாங்கி வந்தபோது, "எங்க சோத்துல மண்ணு போட்டவன வூட்டுக்குள்ள கூட்டிக்கிட்டு வந்திருக்க" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனாலும் சொன்னார்.

கண்ணாடி இழை என்பதால் மின்கம்பிக்குக் கீழே நின்று வீசலாம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஈரக் கயிறு கடத்தும், ஈர ராடும் கடத்தும். இடத்துக்குப் போனதும் முதலில் தண்ணீரைப் பார்க்காதீர்கள், வானத்தைப் பாருங்கள்.

ராடில் பீங்கானும் உண்டு. கைப்பிடியிலிருந்து முதலில் வரும் ஒன்றிரண்டு பெரிய வளையங்களுக்குள் ஒரு கருப்பு அல்லது சாம்பல் நிற உள்வளையம் இருக்கும். பிளாஸ்டிக் மாதிரி தெரியும், ஆனால் அது செராமிக். பெரும்பாலும் அலுமினா, உசத்தியானதில் சிலிக்கான் கார்பைடு. ஜப்பானின் ஃபூஜி கம்பெனி இதில் பெயர் பெற்றது. நாள் முழுக்கக் கயிறு அதில் உரசி ஓடும். மணல் ஒட்டிய ஈரக் கயிறு உலோகத்தில் பள்ளம் பறித்துவிடும், அலுமினாவில் பறிக்க முடியாது. மோஸ் அளவில் அலுமினா 9, மணல் 7. நுனி வரைக்கும் போகிற மற்ற வளையங்கள் வெறும் வளைந்த கம்பிதான், அது பரவாயில்லை.

என் பழைய செட்டில் கயிறு ஒரே பக்கமாகச் சுரண்டிக்கொண்டே வந்தது. ஏன் என்று புரியவில்லை. சித்தப்பா அந்த வளையத்தின் மேல் பேனா மையை ஒரு சொட்டு விட்டார். கொஞ்ச நேரம் கழித்துத் துடைத்தார். மை எல்லாம் போய், முடி மாதிரி ஒரு நீலக்கோடு மட்டும் நின்றது. கீறல். இன்சுலேட்டர் துண்டுகளைச் சாயத்தில் ஊறவைத்து நுண்துளை இருக்கிறதா என்று பார்ப்பார்கள், அதே வித்தைதான். "ஒரு நல்ல கப்பு போடறவன்கூட இத வெளிய அனுப்ப மாட்டான்" என்றார். கடையில் நின்று மை விட முடியாது. அதனால் காது குடையும் பஞ்சுக்குச்சி ஒன்றைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். வளையத்துக்குள் சுற்றி உரசுங்கள். பஞ்சு எங்கேயாவது மாட்டினால் அந்த ராடு வேண்டாம். பழைய ராடு வாங்கும்போது இது ரொம்ப முக்கியம். மலிவாகக் கிடைப்பது பழையதுதான் என்பதால் சொல்கிறேன்.

ரீலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விரால் கடலில் ஓடுகிற மீன் கிடையாது. பாயும், பாசிக்குள் நுழையும், அவ்வளவுதான். கையால் கயிற்றை இழுத்தே கரை சேர்க்கலாம். ரீல் கயிற்றைச் சுற்றி வைக்கிற உருளை. 8-ஆம் எண் கயிறும் அடியில் 50 மீட்டர் பேக்கிங் நூலும் கொள்ளும் அளவுக்கு இருந்தால் போதும். மலிவானதை வாங்குங்கள். தங்க நிறத்துக்கு மயங்காதீர்கள்.

கயிற்றின் நுனியிலிருந்து ஃப்ளை வரைக்கும் கட்டுவது லீடர். போகப் போக மெலிகிற நரம்பு. பாக்கெட்டில் அடைத்து விற்பதை வாங்க வேண்டியதில்லை. நம் ஊர் தங்கூஸ் போதும். 0.55 மி.மீ. நாலரை அடி, 0.45 ஒன்றரை அடி, 0.35 ஒன்றரை அடி, வரிசையாக முடிச்சுப் போட்டால் ஏழரை அடி லீடர். பாசி அதிகமுள்ள குளமென்றால் கடைசித் துண்டை 0.40 ஆக்கிக்கொள்ளுங்கள். ஃப்ளூரோகார்பன் வேண்டாம், அது மூழ்கும், பாப்பரையும் மூக்குக் குத்த வைக்கும். சாதா நைலான்தான் இதற்கு ஏற்றது.

பாப்பரை வாங்கவே வாங்காதீர்கள். வெளிநாட்டில் ஒயின் பாட்டில் தக்கையில் செய்வார்கள். டென்னஸியின் சட்டனூகாவைச் சேர்ந்த எர்னஸ்ட் பெக்கின்பா என்பவர்தான் தக்கைப் பாப்பரைப் பிரபலமாக்கியவர் என்று சொல்வதுண்டு. நமக்கு அறுந்துபோன ரப்பர் செருப்பு இருக்கிறது. சூடான கம்பியால் துளை போட்டு, பிளேடால் உருளையாகச் சீவி, முன்பக்கத்தைக் குழித்து, 1/0 அளவு முள்ளில் ஒட்டி, வாலுக்குச் சேவல் கழுத்து இறகு கட்டினால் முடிந்தது. கறிக்கடையில் கேட்டால் இறகு சும்மாவே தருவார்கள், ஒரு மாதிரிப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். முள்ளுக்கு மட்டும் கஞ்சத்தனம் கூடாது. விராலின் வாய் எலும்பு, மெல்லிய முள் நிமிர்ந்துவிடும். எனக்கு இரண்டு விரால் அப்படித்தான் போனது. பாசியில் மாட்டாமல் இருக்க முள்ளின் வளைவிலிருந்து கண் வரைக்கும் தங்கூஸால் ஒரு வளையம் கட்டிவிடுங்கள். மீன் கடித்தால் மடங்கும், இலைக்கு மடங்காது.

இனி என் கணக்கு. பெங்களூரு நண்பர் ஒருவரிடமிருந்து பழைய 8 அடி, 8-ஆம் எண் கண்ணாடி இழை ராடு 2,500 ரூபாய். புதுக் கயிறு 2,200. ரீல் 1,100. தங்கூஸ், முள், பேக்கிங் எல்லாம் சேர்த்து 450. செருப்பு என்னுடையது. மொத்தம் 6,250. முதலில் வீணடித்ததைவிடக் குறைவு. விலைகள் ஊருக்கு ஊர், வருஷத்துக்கு வருஷம் மாறும், விகிதத்தை மட்டும் கவனியுங்கள். கயிற்றுக்குக் கொடுத்தது ரீலுக்குக் கொடுத்ததைவிட இரண்டு மடங்கு.

ஒரு உண்மையையும் சொல்லிவிட வேண்டும். விரால் குழம்புதான் நோக்கம் என்றால் இந்த எதுவும் வேண்டாம். சுழல் ரீல் போட்ட சாதாரண ராடும் ஒரு ரப்பர் தவளையும் வாங்கினால் பாதிச் செலவில் இரண்டு மடங்கு விரால் வரும். என் மச்சான் அப்படித்தான் பிடிக்கிறான், நான் ஒன்று பிடிப்பதற்குள் அவன் நாலு பிடித்துவிட்டு என்னைப் பார்த்து டீ சாப்பிடப் போகலாமா என்பான். வளையம் உருண்டு போய் அல்லி இலைக்குப் பக்கத்தில் சத்தமில்லாமல் இறங்குவதைப் பார்க்கிற ஆசை இருந்தால் மட்டும் இதில் இறங்குங்கள்.

ஆசை இருக்கிறதா என்று தெரியவில்லை என்றால் இன்னும் மலிவான வழி உண்டு. ஜப்பானில் தென்காரா என்று ஒரு முறை. ரீலே கிடையாது. நீளக் கழி, நுனியில் கட்டிய கயிறு, அதன் முனையில் ஃப்ளை. இதைப் படித்தபோது சிரிப்பு வந்தது, நம் மூங்கில் தூண்டில்தானே இது! 12 அடி மூங்கிலோ மடக்குக் கழியோ எடுத்து, 12 அடி நரம்பு கட்டி, முனையில் கறுப்பு நூல் சுற்றிய 10-ஆம் எண் குட்டி முள்ளைப் போட்டு ஜிலேபிக்கு வீசிப் பாருங்கள். இருநூறு ரூபாய்கூட ஆகாது. ஜிலேபி ஃப்ளையை நன்றாக எடுக்கும். பெரிய விராலுக்கு மட்டும் அதைக் கொண்டு போகாதீர்கள், கழியோடு இழுத்துக்கொண்டு போய்விடும். என் பழைய 5-ஆம் எண் ராடுக்கு வேறு வளையம் மாற்றிக் கட்டி, இப்போது ஜிலேபிக்குத்தான் வைத்திருக்கிறேன். கம்பி இல்லாத குளமாகப் பார்த்து.

வீசிப் பழகுவதைத் தண்ணீரில் ஆரம்பிக்காதீர்கள். புல் தரையில், முள்ளுக்குப் பதில் கம்பளி நூல் துண்டு கட்டி, தினமும் கால் மணி நேரம் பழகுங்கள். சிமெண்டுத் தரையும் செம்மண்ணும் கயிற்றைத் தின்றுவிடும். பள்ளிக்கூட மைதானத்தில் நான் பழகும்போது பையன்கள் கூடிவிட்டார்கள். "அண்ணா, தண்ணியே இல்லியே, இங்க என்னா புடிக்கிறீங்க?" என்றான் ஒருவன். நம் கரைகளில் பின்னால் சீமைக் கருவேலம் நிற்கும், பின்வீச்சுக்கு இடம் இருக்காது. அதனால் ரோல் காஸ்ட் என்கிற, கயிற்றைத் தண்ணீரிலிருந்தே உருட்டி விடுகிற வீச்சை முதலிலேயே கற்றுக்கொள்ளுங்கள்.

ஏரிகளின் மீன் பெரும்பாலும் குத்தகைக்கு விடப்பட்டிருக்கும். வீராணம், வெலிங்டன் ஏரி மாதிரிப் பெரிய நீர்நிலைகளானாலும் சரி, ஊர்க்குளமானாலும் சரி, குத்தகைக்காரரைக் கேட்காமல் இறங்காதீர்கள். கேட்டால் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். இறகு கட்டிய செருப்புத் துண்டைக் காட்டினால் கண்டிப்பாக விட்டுவிடுவார்கள், இவன் என்ன பிடித்துவிடப் போகிறான் என்ற தைரியம்தான்.

மழைக்காலத்தில் தண்ணீர் மேல் செந்நிறக் குஞ்சுகள் பந்து மாதிரிக் கூட்டமாகச் சுற்றுவதைப் பார்ப்பீர்கள். கொதிக்கிற மாதிரி அந்த இடம் துளும்பிக்கொண்டிருக்கும். அதற்குக் கீழே தாயும் தகப்பனும் காவல் நிற்கும். அங்கே பாப்பர் விழுந்தால் பசி இல்லாவிட்டாலும் அடிக்கும், குஞ்சைக் காப்பாற்ற. எறிவதற்கு அதைவிடச் சுலபமான குறி கிடையாது. சென்ற ஐப்பசியில் நான் அப்படி ஒன்றைப் பிடித்தேன், இந்த ராடில் வந்த முதல் விரால் அதுதான். முள்ளை எடுத்து உடனே விட்டுவிட்டேன். ஆனால் அதற்குள்ளேயே குறவைகள் அந்தக் குஞ்சுக் கூட்டத்துக்குள் புகுந்திருந்தன. இப்போது அப்படிக் கூட்டத்தைப் பார்த்தால் கயிற்றைச் சுற்றிக்கொண்டு அடுத்த மடைக்கு நடந்துவிடுகிறேன்.